ஏரியின் எதிர்க்கரைப் பாட்டு: முகாம் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகாம் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன பௌர்ணமிக்கு முந்தைய சனிக்கிழமை இரவு உங்கள் ஏரிக்கரைக் கூடார முகாமில் பாட்டுச் சத்தத்தால் யாரும் தூங்க முடியாமல் போனது உங்களுக்குத் தெரியும். மறுநாள் காலை உங்கள் புகார்ப் புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதிவிட்டுத்தான் மலையிறங்கினேன். எனக்கு முன்னால் எழுதியிருந்த நாலைந்து பேரும் ஏறக்குறைய அதையேதான் எழுதியிருந்தார்கள். அதனால் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. கோரிக்கை ஒன்றுதான்: இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியும் ஜெனரேட்டரும் கூடாது என்று பலகையில் நீங்களே எழுதி வைத்திருக்கும் விதியை நீங்களே நடைமுறைப்படுத்த வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள இரவில் ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும்.

அன்று பத்தரைக்குத் தொடங்கிய பாட்டு நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லை. பக்கத்துக் கூடாரம் என்றே நினைத்தேன். அவ்வளவு துல்லியம், பாட்டுக்கு நடுவே யாரோ தீப்பெட்டி கேட்டதுகூடக் காதில் விழுந்தது. ஜிப்பை எவ்வளவு இழுத்து மூடினாலும் கூடாரம் துணிதானே. சரி, போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பக்கத்துக் கூடாரத்தில் அவர்களும் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்கடுத்ததிலும் அதே கதை. வேர் தடுக்கி, சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்து, ஏரியைச் சுற்றி அரை மணி நேரம் நடந்து எதிர்க்கரைக்குப் போனால், அங்கே ஒரு சொம்பு உயரத்துக்கு ஸ்பீக்கர். "சார், சவுண்டு கம்மியாத்தானே வெச்சிருக்கோம்" என்றார் ஒரு பையன். பக்கத்தில் நின்று கேட்டால் அப்படியொன்றும் அலறவில்லைதான். வம்புக்காரர்களும் இல்லை. உடனே நிறுத்தினார்கள், சேற்றுக் காலைக் கழுவத் தண்ணீரும் கொடுத்தார்கள். நான் திரும்பி வருவதற்குள் வேறொரு மூலையில் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்திருந்தது.

இது அந்தப் பையன்களின் குற்றம் மட்டும் இல்லை, மலை ஏரியின் சுபாவம். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தலைகீழ். சரிவுகளிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கி ஏரிப் பள்ளத்தில் தேங்கும். அதற்கு மேலே இருக்கும் காற்று அதைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். வெப்பம் கூடினால் ஒலிக்கு வேகமும் கூடும். 0 டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர், 20 டிகிரியில் 343. அதனால் மேலே கிளம்பிய சத்தம், வேகம் குறைந்த குளிர்காற்றுப் பக்கமாக வளைந்து தண்ணீருக்கே திரும்புகிறது. அலையில்லாத தண்ணீரும் அதை விழுங்குவதில்லை, அப்படியே எதிர்க்கரைக்குத் தள்ளிவிடுகிறது. குறுக்கே ஒரு மரம்கூட இல்லை. பாட்டுப் போடுகிறவருக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. ஏரிக்குப் பொறுப்பான உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று காலையில் உங்கள் அலுவலகத்தில் கிடைத்த பதில் அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. யாரோடு பேசுவது? சத்தம் எந்தக் கரையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு செருப்பு போய்விட்டது.

எங்களுக்காவது புகார்ப் புத்தகம் இருக்கிறது. கூகை கும்மிருட்டில் எலியின் சரசரப்பைக் காதால் மட்டுமே கேட்டுப் பிடிக்கும். ஆண் தவளை குரல் கொடுத்துத்தான் துணையை அழைக்கும். அன்று சாயங்காலம் கரை முழுக்கக் கத்திக்கொண்டிருந்த தவளைகள் பாட்டு தொடங்கிய பிறகு வாயைத் திறக்கவில்லை.

எழுத உட்கார்ந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'இயற்கையின் அமைதியில் ஓர் இரவு' என்று விளம்பரம் செய்கிறீர்கள். மரங்களைச் சுற்றிக் கலர் பல்புச் சரம், போட்டோ எடுக்க இதய வடிவில் ஒரு வளையம், எல்லாம் வந்துவிட்டது. அமைதி மட்டும் எப்போது வந்து சேரும்? பாத்திரம் கழுவும் தொட்டியைத் தண்ணீரிலிருந்து பன்னிரண்டு எட்டில் கட்டியிருக்கிறீர்கள். மக்கும் சோப்பாகவே இருந்தாலும் அது மக்குவதற்கு மண் வேண்டும். கழுவிய தண்ணீரைக் கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி ஊற்றச் சொல்வார்கள். உங்கள் தொட்டி நேரே ஏரிக்கே ஊட்டுகிறது. மன்னிக்கவும், சோப்புக்குத் தனி மடல் எழுதிக்கொள்கிறேன்.

புதிய விதி எதுவும் நான் கேட்கவில்லை. இருக்கிற விதிக்கு இரவில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அவர் 10 மணிக்கு ஒருமுறை, நள்ளிரவில் ஒருமுறை கரையைச் சுற்றி வந்தால் போதும். கூடாரம் ஒதுக்கும்போதே "ராத்திரி இங்கே பேசுவது அங்கே கேட்கும்" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் பாதிப் பேர் தாங்களாகவே குறைத்துக்கொள்வார்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்துகொடுங்கள்.

அடுத்த மாதம் இரண்டு இரவுகளுக்கு மறுபடியும் முன்பதிவு செய்திருக்கிறேன். அன்று உங்கள் ஆள் கரையைச் சுற்றுவார் என்று நம்புகிறேன். இல்லையென்றால் வழக்கம்போல் நான் சுற்றுகிறேன். எனக்கு இப்போது வழி தெரியும்.

இப்படிக்கு,
செருப்பைத் தொலைத்த முகாம்வாசி