உடுக்கையையும் குரலையும் பிரிக்காதீர்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கங்களில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் அன்பர்களுக்கும், கொங்கு நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுப்பாக வெளியிடும் தயாரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எனக்கு. என் பெரியப்பா உடுக்கையடிப் பாட்டுக்காரர். பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியரைப் பற்றிய கொங்கு நாட்டுக் கதைப்பாட்டான அண்ணமார் சாமி கதையை இரவு இரவாகப் பாடக்கூடியவர். சென்ற ஆண்டு உங்களில் ஒருவருடைய கூடத்தில் அவர் பாட்டைப் பதிவு செய்தார்கள். நானும் உடன் போயிருந்தேன்.

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சிறிய அறையில் அவரைத் தனியே உட்கார வைத்தார்கள். காதில் ஹெட்போனை மாட்டினார்கள். "முதலில் குரல் மட்டும் போதும் ஐயா, உடுக்கையைப் பிறகு தனியாக எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்லி, உடுக்கையை வெளியே வாங்கி வைத்துவிட்டார்கள். பின்பாட்டுக்காரரை மறுநாள் வரச் சொன்னார்கள். ஹெட்போனுக்குள் 'டிக், டிக்' என்று ஓர் அளவுத் தாளம் ஓடியது. நாற்பது ஆண்டுகளாக மேடையில் ஒரு சொல் தடுக்காதவருக்கு மூன்றாவது அடியிலேயே பாட்டு மறந்துவிட்டது. இல்லாத உடுக்கையின் கயிற்றைத் தேடி அவருடைய இடக்கை மடியிலிருந்த துண்டைப் பிசைந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்த என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. திரும்பி வரும் வழியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "கையைக் கட்டிப்போட்டுப் பாடு என்றால் எப்படிக் கண்ணு பாடுவது?"

வெளிவந்த தொகுப்பில் கேட்கும் உடுக்கை அவருடையது அல்ல. கீபோர்டில் சேமித்து வைத்திருந்த ஏதோ ஓர் உடுக்கை.

அந்தப் பதிவாளர் மரியாதை தெரிந்தவர். டீ வாங்கிக் கொடுத்து அன்பாகத்தான் நடத்தினார். சினிமாப் பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் பழகிய முறையையே இதற்கும் கையாண்டார், அவ்வளவுதான். கோளாறு அந்த முறையில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை அவருக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

உடுக்கையைக் கையில் வாங்கிப் பாருங்கள். நடுவில் ஒடுங்கிய இடுப்பு, இரு பக்கமும் தோல், இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் கயிறு. இடக்கை அந்த இடுப்பைப் பற்றிக் கயிற்றை அழுத்தும்போது தோல் விறைத்து ஒலியின் சுருதி ஏறுகிறது, தளர்த்தினால் இறங்குகிறது. தட்டுவது வலக்கை விரல்கள். பாடுகிறவரின் குரல் ஏறும்போது பிடி இறுகுகிறது, குரல் குழையும்போது பிடியும் குழைகிறது. பின்பாட்டுக்காரர் அந்தக் கையைப் பார்த்துத்தான் எங்கே வாங்கிப் பாட வேண்டும் என்று தெரிந்துகொள்கிறார். இவற்றை மூன்று டிராக்குகளாக மூன்று நாளில் எடுத்தால், பிறகு எத்தனை இரவு உட்கார்ந்து மிக்சிங் செய்தாலும் அந்தப் பிடிமானம் திரும்பி வராது.

பாடுகிறவர், உடுக்கை, பின்பாட்டு எல்லாவற்றையும் ஒன்றாக உட்கார வைத்து, இரண்டே மைக்கில் ஒரே நேரத்தில் பதியுங்கள் என்றுதான் கேட்கிறேன். இது புதிய முறை ஒன்றும் அல்ல. ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்காகக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1931 டிசம்பரில். அவர் முறைப்படி, முன்னும் பின்னும் கேட்டு, பக்கவாட்டில் கேட்காத எட்டு வடிவ மைக் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக, 90 பாகைக் கோணத்தில் குறுக்காக நிறுத்த வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பதால் ஒலி இரண்டுக்கும் ஒன்றாக வந்து சேர்கிறது. யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது ஒலியின் ஏற்றத்தாழ்விலிருந்தே பிரிந்துவிடுகிறது. மைக்குகளின் பின்புறம் அந்த இடத்தின் எதிரொலியை வாங்கிக்கொள்கிறது. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் பின்னாளில் கண்ட முறை இன்னும் எளிது: முன்பக்கம் மட்டும் கேட்கும் இரண்டு மைக்குகளை 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 பாகை விரித்து வைப்பது. அந்த இடைவெளி கிட்டத்தட்ட நம் இரு காதுகளுக்கு நடுவில் உள்ள தூரம். உங்களிடம் இருக்கும் சாதாரண மைக்குகளைக் கொண்டே இதைச் செய்துவிடலாம்.

இப்படி எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்மவர் ஒருவரே சான்று. இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர் அமெரிக்காவில் 'வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ்' என்ற சிறு நிறுவனத்தை நடத்தினார். 1992இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயத்துக்குள் மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டையும் கிட்டார் கலைஞர் ரை கூடரையும் உட்கார வைத்துப் பதிவு செய்தார். அதற்குச் சற்று முன்னர்தான் அந்த இருவரும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டார்கள். புளூம்லைன் முறையில் இரண்டு மைக், வால்வு மின்சுற்று, அனலாக் டேப், வேறொன்றும் இல்லை. 'எ மீட்டிங் பை தி ரிவர்' என்ற அந்தத் தொகுப்பு 1994இல் கிராமி விருது பெற்றது. ஒலி நுட்பத்தில் தோய்ந்தவர்கள் தங்கள் ஸ்பீக்கரைச் சோதிக்க இன்றும் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். கண்ணை மூடிக் கேட்டால் இரு கலைஞர்களும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விரல் நீட்டிக் காட்டிவிடலாம். விருதைக் காட்டிலும் எனக்கு அதுதான் பெரிது.

ஏன், நம் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் இசைத்தட்டில் பாடத் தொடங்கிய காலத்தில் பல டிராக் என்ற பேச்சே கிடையாது. பாடகரும் பக்கவாத்தியமும் ஒன்றாக உட்கார்ந்து, தட்டின் ஒரு பக்கத்துக்குரிய மூன்று நிமிடச் சொச்சத்தில் முடித்துவிட்டு எழுந்தாக வேண்டும். தட்டின் கீறலையும் இரைச்சலையும் தாண்டி அந்தக் குரல் இன்றும் நம்மைப் பிடித்து உலுக்குகிறது. 1960களின் நடுவில் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், அண்ணமார் கதைப் பாட்டை டேப்பில் பதிவு செய்தார். அவரிடம் கீபோர்டும் இல்லை, பஞ்சு அறையும் இல்லை. ஊருக்குள் பாடியபடியே பதிந்துகொண்டார்.

மெல்லிய ஒலியையும் பெரிய ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவரும் கம்ப்ரெஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையைக் கொல்வது அதுதான். அண்ணன்மார் மடிந்து கிடக்கும் படுகளம் பகுதியைப் பாடும்போது பெரியப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டே போவார். தங்கை தங்காள் அவர்களைத் தேடி வரும் இடத்தில் அது வெறும் மூச்சாகிவிடும். கூட்டம் முன்னால் சாய்ந்து கேட்கும். அப்போது உடுக்கை ஒரே அடியில் வெடிக்கும். பெண்கள் அருள் வந்து எழுவது அந்த நொடியில்தான். தொகுப்பில் என்ன ஆயிற்று? மூச்சை மேலே தூக்கி, வெடிப்பைக் கீழே அமுக்கி, இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்துவிட்டார்கள். போனில் கேட்பவருக்குச் சத்தம் குறைவாகத் தெரியக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். 24 பிட் டிஜிட்டல் பதிவில் ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல் வீதம், மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. உச்சத்துக்குக் கீழே தாராளமாக இடம் விட்டுப் பதிந்தாலும் மூச்சு இரைச்சலில் மூழ்காது. கேட்பவர் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளட்டும். அதற்குத்தான் பொத்தான் இருக்கிறது.

இந்த முறைக்கும் விலை உண்டு. நடுவில் ஒருவர் இருமினால் அந்தப் பகுதியை எல்லோரும் மீண்டும் பாட வேண்டும். மைக்கை ஓர் அடி தவறி வைத்துவிட்டால் பின்னால் திருத்த வழியில்லை. மோசமான இடம் மோசமாகவேதான் பதிவாகும். நூற்றுக்கணக்கானோர் மைதானத்தில் ஆடும் வள்ளி கும்மிக்கு நீங்கள் ரிதம் பேட் வைத்துப் பாட்டு தயாரித்துத் தருவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அது ஆடுவதற்கான பாட்டு. உடுக்கைக் கதைக்கும், கொடுமுடியில் சுந்தரர் பாடிய நமச்சிவாயப் பதிகத்தைக் கல் மண்டபத்தில் ஓதும் ஓதுவார் குரலுக்கும் மட்டுமாவது இந்தப் பொறுமையைக் கேட்கிறேன்.

எங்கள் ஊரில் அமைதி எங்கே கிடைக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தப் பக்கம் விசைத்தறி, அந்தப் பக்கம் எண்ணெய் மில், கிணற்றுக்குக் கிணறு மோட்டார், மார்கழியில் விடியும் முன்பே கோயில் குழாய் ஒலிபெருக்கி. நானும் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பல இரவுகள் அலைந்து தோற்றேன். கடைசியில் வழி காட்டியது மின்வாரிய அறிவிப்பு. பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில், காலை ஒன்பது மணிக்குத் தறிகள் நின்ற மறு நிமிடம் ஊர் வேறு ஊராகிவிடுகிறது. பேட்டரியில் ஓடும் ரெக்கார்டரோடு அண்ணமார் கோயில் முன்மண்டபத்தில் உட்கார்ந்தோம். பெரியப்பாவும் பின்பாட்டுக்காரரும் எதிரெதிரே. அவர்களிடமிருந்து ஏழடி தள்ளி இரண்டு மைக். பேட்டரி தீரும் வரை பாடினார்கள். எங்கோ மயில் அகவியதும் அதில் இருக்கிறது; நான் அதை வெட்டவில்லை. திருப்பிப் போட்டுக் காட்டியபோது பெரியப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதில் என் கை கேட்கிறது" என்றார்.

என்னிடம் இருப்பது விலை மலிந்த மைக். என் பழக்கமும் ஓர் ஆண்டுதான். உங்களிடம் தேர்ந்த காதும் நல்ல கருவியும் இருக்கின்றன. ஓர் ஆண்டுக்கு ஒரே ஒரு கதையையாவது இப்படி எடுங்கள். எந்த இடம், எந்த நாள், எந்த மைக் என்பதை உறையில் அச்சிடுங்கள். பின்பாட்டுக்காரர் பெயரையும் விடாமல் போடுங்கள். கை வைக்காத மூலப் பதிவின் ஒரு பிரதியைப் பாடியவர் வீட்டிலும் கொடுத்துவிடுங்கள்.

பெரியப்பாவுக்கு எழுபது கடந்துவிட்டது. அடுத்த மின்தடை நாள் அறிவிப்பு வந்ததும் உங்களில் யார் வருவதாக இருந்தாலும் காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். மைக் வைக்க இடம் பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும். மதியத்துக்கு எங்கள் வீட்டில் அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் இருக்கும்.

அன்புடன்,
காங்கயம் பக்கத்து உடுக்கைப் பாட்டு ரசிகன்