ஏழுக்கு மேல் கொடுக்காதே: சேலத்துக் கணினித் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கும், லேப் எடுக்கும் சார்களுக்கும் மேடம்களுக்கும்,

வணக்கம். நான் சேலத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் டெவலப்பர். உங்களிடம் படித்து வெளியே வரும் பிள்ளைகளை இன்டர்வியூ எடுப்பதும், சேர்ந்தபின் பக்கத்தில் உட்கார வைத்து வேலை பழக்குவதும் பெரும்பாலும் என் தலையில்தான் விழுகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன். அங்கங்கே காரம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

காரியம் இதுதான். லேப் நேரத்தில் பாதியையாவது, வேறு யாரோ எழுதிய நிரலைப் படித்து, அதில் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துத் திருத்துவதற்கு ஒதுக்குங்கள். மார்க்கையும் அதற்கே போடுங்கள்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், அண்மையில் இன்டர்வியூவுக்கு வந்த ஒரு தம்பியிடம் பேக்டோரியல் (ஒன்றிலிருந்து கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கும் கணக்கு) எழுதச் சொன்னோம். கேட்டுக் கேட்டு அலுத்த கேள்விதான், வந்தவருக்குப் பதற்றம் தணியட்டும் என்று முதலில் அதைக் கேட்பது வழக்கம். மளமளவென்று எழுதிவிட்டார். "எட்டு கொடுத்து ஓட்டிப் பாருங்க தம்பி" என்றேன். கை நின்றுவிட்டது.

"ஏழுக்கு மேல கொடுக்கக் கூடாது சார்."

"ஏன்?"

"நெகட்டிவ்ல வரும் சார். லேப்ல சொல்லியிருக்காங்க."

என் லேப்டாப்பில் ஓட்டினோம். 40320 என்று ஒழுங்காக வந்தது. அவருக்கு நம்ப முடியவில்லை, என் கணினியில்தான் ஏதோ தவறு என்பது போலத் திரையை எட்டிப் பார்த்தார்.

உங்களுக்குக் காரணம் தெரியும். லேபில் போடும் பழைய கம்பைலரான டர்போ சி-யில், முழு எண்ணை வைக்கும் இன்ட் என்பது 16 பிட், 32767-க்கு மேல் கொள்ளாது. ஏழுக்கு 5040, அடங்கிவிடும். எட்டுக்கு 40320, அடங்காமல் 65536 கழிந்து -25216 என்று வந்து நிற்கும். இன்றைய கணினியில் ஜிசிசி என்ற கம்பைலர் போட்டு ஓட்டினால் இன்ட் 32 பிட், அது 12 வரை தாங்கும், 13 கொடுத்தால் அதுவும் சொதப்பும். இந்த ஒரு -25216-ஐ வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அருமையாக வகுப்பு எடுக்கலாம். எண் நினைவகத்தில் எப்படி உட்காருகிறது, குறியைச் சொல்லும் பிட் எது, லாங் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்று எல்லாமே அதற்குள் வந்துவிடும். அந்த வகுப்புக்குப் பதிலாக அந்தத் தம்பிக்குக் கிடைத்தது ஒரு தடை உத்தரவு. கெட்டிக்காரப் பையன், கேட்டிருந்தால் பிடித்துக்கொண்டிருப்பார். கேட்கக் கூடாது என்றும் லேபிலேயே பழகியிருக்கிறார்.

டர்போ சி-யைப் பற்றி ஒரு பத்தி திட்டிவிட்டுப் போகிறேன், மன்னிக்கவும். போர்லாண்ட் நிறுவனம் டாஸ் காலத்தில் போட்ட கருவி அது. சி பிளஸ் பிளஸ்ஸுக்கு முதல் தரநிலை வந்ததே 1998-இல், டர்போ சி பிளஸ் பிளஸ் அதற்கும் முந்தியது. இன்றைய 64 பிட் விண்டோஸில் அது தானாக ஓடாது, பழைய டாஸ் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் போட்டு, அதற்குள் அந்த நீலத் திரையைத் திறந்து, மவுஸ் மாட்டிக்கொண்டு வெளியே வராமல் தவித்து, இவ்வளவு சிரமப்பட்டு 35 வருடப் பழமைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். கோனியோ டாட் ஹெச், கிளியர்ஸ்கிரீன், கெட்ச் இதெல்லாம் சி மொழியின் அங்கம் என்றே நம்பி வருகிறார்கள். லினக்ஸில் அந்த ஹெடர் கிடையாது என்றதும் கை உதறுகிறது. பாடத்தின் பெயர் சி, டர்போ சி இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையிலேயே முதல் செமஸ்டரில் பைத்தான் வந்துவிட்டது. பல கல்லூரிகள் மாறிவிட்டன என்பதும் தெரியும், அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

கேள்வித்தாளுக்கு வருகிறேன். ஒரே பிரிண்ட்எஃப்-க்குள், ஐ-யின் மதிப்பில் ஒன்று கூட்டும் ஐ பிளஸ் பிளஸ் இரண்டு, பிளஸ் பிளஸ் ஐ ஒன்று என்று அடுக்கி, "அவுட்புட் என்ன?" என்று இன்னமும் கேட்கிறார்கள். சி தரநிலைப்படி இதற்கு விடையே கிடையாது. ஒரே மாறியை ஒரே கோவைக்குள் இப்படிப் பல முறை மாற்றினால் விளைவு வரையறுக்கப்படாதது, கம்பைலர் எதை வேண்டுமானாலும் காட்டலாம். ஜிசிசி-யில் வார்னிங் எல்லாவற்றையும் திறந்துவிட்டு ஓட்டினால் அதுவே எச்சரிக்கும். ஆபீஸில் யாராவது இப்படி எழுதினால் ரிவ்யூவில் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவோம். அப்படிப்பட்டதற்கு ஒரு விடையை மனப்பாடம் செய்யச் சொல்லி அதற்கு இரண்டு மார்க் வேறு.

சரி, ஆபீஸில் என்னதான் நடக்கிறது? காலையில் எல்லோரும் நின்றுகொண்டு நேற்று என்ன, இன்று என்ன என்று ஐந்து நிமிடம் பேசுவோம் (ஐந்து நிமிடம் என்பது பேச்சுக்கு). அப்புறம் ஒரு டிக்கெட் கைக்கு வரும்: ஒரு வாடிக்கையாளரின் பில்லில் வரி இரண்டு முறை சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிரலை எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். அவர் ஏன் அப்படி எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற கருவியில் பிளேம் போட்டு எந்த வரி எப்போது மாறியது என்று பார்த்து, பழைய கமிட்டை (அந்த மாற்றத்தின் பதிவை) திறந்து, அதற்கு அவர் எழுதிய குறிப்பைப் படித்து, டீ குடித்து, தட்டுவடை செட் ஒன்றை முடித்து, மறுபடி வந்து உட்கார்ந்து, மாலையில் இரண்டு வரி மாற்றினால் அது நல்ல நாள். புதிதாக ஒரு கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து எழுதும் வாய்ப்பு எப்போதாவதுதான் வரும். உங்கள் லேபில் பிள்ளைகள் செய்வது முழுக்க அந்த எப்போதாவது வரும் வேலையைத்தான். அதுவும் மனப்பாடமாக.

ஏற்காட்டு மலையை இறங்கிப் பிரேக் தேய்ந்து வந்து நிற்கும் பைக்கைக் கழற்றித்தான் எந்த மெக்கானிக் கடையிலும் பையன் தொழில் பழகுகிறான். புது வண்டி செய்யச் சொல்லி யாரும் அவனை உட்கார வைப்பதில்லை.

எரர் மெசேஜைப் படிப்பது என்று ஒரு பழக்கம் இருக்கிறது, அது அறவே இல்லாமல் வருகிறார்கள். சிவப்பில் நாலு வரி வந்ததும் படபடவென்று விண்டோவை மூடிவிடுவார்கள். இல்லையென்றால் "அண்ணா, எரர் வருது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம். ஸ்க்ரீன்ஷாட் இல்லை, போனில் சாய்த்துப் பிடித்த படம், ட்யூப்லைட் வெளிச்சம் நடுவில் விழுந்து, வரி எண் இருக்கும் ஓரம் மட்டும் சரியாக வெட்டுப்பட்டிருக்கும். எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன கோளாறு என்று மூன்றும் அதிலேயே எழுதியிருக்கிறது, படித்தாயா என்று கேட்டால் முழிப்பார்கள். லேபில் எரர் என்றால் அவமானம், சார் வருவதற்குள் மறைக்க வேண்டியது. ஆபீஸில் எங்களுக்கு வேலையே அதுதான்.

இப்போது ஏஐ. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து பிள்ளைகள் அதில்தான் அசைன்மென்ட் செய்கிறார்கள் என்று உங்களில் பலர் புலம்புகிறீர்கள். நாங்களும் ஆபீஸில் அதைத்தான் பயன்படுத்துகிறோம், ஆகவே தடை போடச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஒன்று பாருங்கள். ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு அறை முன்பதிவுப் பக்கம் செய்துகொண்டிருந்தோம், கோடை விழா நெருங்குகிறது, அவசரம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஏஐயிடம் கேட்டு அரை மணியில் முடித்துக் காட்டினார், பார்க்க அழகாகவே இருந்தது. ரிவ்யூவின்போது விருந்தினர் பெயர் என்ற இடத்தில் டி'சோசா என்று தட்டினேன். அந்த ஒற்றை மேற்கோள் குறியில் பக்கம் அப்படியே விழுந்தது. பெயரை நேராக, டேட்டாபேஸுக்குக் கட்டளை போடும் எஸ்க்யூஎல் வரிக்குள் ஒட்டியிருந்தது ஏஐ. ஒரு மேற்கோள் குறிக்கு உடைகிற பக்கத்தில், விவரம் தெரிந்தவன் வேறு எதையாவது தட்டினால் முழு டேட்டாபேஸையும் உருவிக்கொண்டு போகலாம். மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாக அனுப்பினால் தீர்ந்தது, சின்னத் திருத்தம்தான். ஆனால் அந்த வரியைப் பார்த்ததும் கண் அங்கே நிற்க வேண்டும். எழுதுவது இப்போது மலிந்துவிட்டது சார். கண் நிற்பதற்குத்தான் எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை.

பெரிய கம்பெனிகளுக்கு இது பிரச்சினை இல்லை. மாதக்கணக்கில் டிரெயினிங் போட்டுச் சம்பளமும் கொடுத்து அவர்களே பழக்கிக்கொள்வார்கள். ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐடி பார்க் வந்தும், சேலத்தில் இருப்பவை பெரும்பாலும் எங்களைப் போன்ற சின்ன ஆபீஸ்கள்தான். இரண்டாவது வாரமே டிக்கெட்டைக் கையில் எடுக்கிற ஆள் எங்களுக்கு வேண்டும். கிடைக்காததால் அனுபவம் உள்ளவரைத் தேடுகிறோம், புதியவரைத் தவிர்க்கிறோம், அவரோ ஞாயிற்றுக்கிழமை ராத்திரி புது பஸ் ஸ்டாண்டில் பெங்களூரு பஸ்ஸுக்கு நிற்கிறார். ஊரிலேயே இருந்து வேலை பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், எத்தனையோ பேர்.

ரெக்கார்டு நோட்டுக்கு வருகிறேன், எல்லோருக்கும் பிடித்த விஷயம். வலது பக்கம் நிரல் பேனாவில், இடது பக்கம் அவுட்புட் பென்சிலில், கோடு ஸ்கேல் வைத்து. ஓடாத புரோகிராமுக்கும் அவுட்புட் எழுதிவிடலாம், பென்சில் மறுக்காது. அதற்குப் பதிலாக கிட் வைத்துக்கொள்ளுங்கள். பிட்கீப்பர் என்ற கருவியை இலவசமாகப் பயன்படுத்த முடியாமல் போனதால், லினக்ஸ் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது, இன்று எந்த ஆபீஸுக்குப் போனாலும் அதுதான். யார், என்றைக்கு, எதை மாற்றினார், ஏன் மாற்றினார் எல்லாம் அதில் நிற்கும். முதல் நாள் ராத்திரி பக்கத்து ரூம் பையனிடம் வாங்கி ஒட்டினால் ஒரே கமிட்டில் மொத்தமும் விழுந்திருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். தேதியை மாற்றிப் போடலாமே என்பீர்கள். போடலாம். அந்த அளவுக்கு கிட் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு மார்க்கைப் போட்டுவிடுங்கள்.

கிட்டில் பைசெக்ட் என்று ஒன்று இருக்கிறது. ஆயிரம் கமிட்டுக்கு முன்னால் நன்றாக ஓடியது, இப்போது ஓடவில்லை என்றால், நடுவில் நடுவில் வெட்டிச் சோதித்து ஏறக்குறைய பத்தே சோதனையில் கெடுத்த கமிட்டைக் காட்டிவிடும். நீங்கள் டேட்டா ஸ்ட்ரக்சரில் நடத்தும் அதே பைனரி சர்ச். பரீட்சைக்கு எழுதிய பிறகு அதை ஒரு முறைகூட வெளியே எடுக்காத பிள்ளைகள், இதைக் கண்ணால் பார்க்கும்போது சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு லேபிலேயே வந்திருக்க வேண்டியது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி, தங்க எழுத்தில் பைண்டிங் போட்டு வருவதை நீங்களும் அறிவீர்கள், எக்ஸ்டர்னலும் அறிவார். வாங்கிய நிரலை வைவாவில் திறந்து, நடுவில் ஒரு வரியை அழித்துவிட்டு, "எங்கே உடைந்தது, சரி செய்" என்று மட்டும் கேளுங்கள், போதும்.

உங்கள் பக்கத்துச் சிரமம் தெரியாமல் எழுதவில்லை. தரச்சான்றுக்கான நாக் ஃபைல், என்பிஏ ஃபைல், அட்மிஷன் சமயத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்கும் வேலை, இதற்கு நடுவில்தான் பாடமும் எடுக்கிறீர்கள். லேபில் இருப்பவையோ பழைய கணினிகள், இணையத்தில் பாதித் தளங்கள் தடை, கிட் நிரல்களை ஏற்றி வைக்கும் கிட்ஹப்பும் சேர்த்து. ஆனால் கிட்டுக்கு இணையமே வேண்டாம். லேபிலேயே ஒரு கணினியில் பேர் ரெப்போ (bare repo, கிட் பதிவுகள் மட்டும் இருக்கும் பொதுக் கிடங்கு) ஒன்றை வைத்து மற்றவை அதற்கு அனுப்பினால் ஆயிற்று. 4 ஜிபி கணினியில் எடை குறைந்த லினக்ஸ் தாராளமாக ஓடும், ஜிசிசி, கிட் இரண்டும் இலவசம். தன்னாட்சிக் கல்லூரிகள் நினைத்தால் தேர்வு முறையையே மாற்றலாம். மற்றவர்கள் மாடல் லேபிலாவது, ஒரே ஒரு வாரமாவது செய்து பாருங்கள்.

உடைந்த நிரல்கள் வேண்டுமென்றால் எங்களிடம் கொட்டிக் கிடக்கின்றன, வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு, லேபில் ஓடுகிற அளவுக்குச் சுருக்கித் தருகிறேன். சனிக்கிழமைகளில் நானே வந்து லினக்ஸும் போட்டுத் தருவேன், பென்டிரைவ் என்னுடையது, பணம் ஒன்றும் வேண்டாம். செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ரிலீஸ் வாரமாக இருந்தால் மட்டும் வர முடியாது, அதற்கு அடுத்த சனிக்கிழமை வருகிறேன்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு டெவலப்பர்