‘ஏழு மாநிலங்கள்’ பெட்டிச் செய்தியை அப்படியே மறுபடி அச்சிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தால் தமிழ் நாளிதழ்களில் ஒரு பெட்டிச் செய்தி கட்டாயம் வரும். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா என்று ஏழு பெயர். மேலே ‘முடிவைத் தீர்மானிக்கும் ஊசலாட்ட மாநிலங்கள்’ என்று தலைப்பு. 2028-க்கும் அதே பெட்டியை எடுத்து ஒட்டிவிடுவீர்களோ என்ற கவலையில்தான் இக்கடிதம். அந்த ஏழும் ஏழு விதமான கணக்கு. எங்கே பிரசாரப் பணத்தைப் போடுவது என்று உட்கார்ந்து முடிவு செய்கிறவர்கள் அவற்றை ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதில்லை.

வாக்கு வித்தியாசம் குறைவாக உள்ள மாநிலம்தான் முக்கியமான மாநிலம் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். 2008-இல் மிசௌரியில் ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் ஜெயித்தது வெறும் 3,903 வாக்கில். அந்த ஆண்டு அவ்வளவு இழுபறி வேறெங்கும் இல்லை. ஆனால் அதிபரைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலத்துக்கு ஒதுக்கிய 11 தேர்வாளர் வாக்குகள் (மாநிலத்தில் முந்துகிறவருக்கே அத்தனையும்) யாருக்குப் போயிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஒபாமா அது இல்லாமலே 365 வாங்கியிருந்தார். மொத்தம் 538-இல் தேவை 270.

தீர்மானித்த மாநிலம் எது என்று காண்பதற்குத் தனி வழி இருக்கிறது. வென்றவரின் மாநிலங்களை வாக்கு வித்தியாச சதவீதத்தின்படி சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழியுங்கள். எதைக் கழிக்கும்போது 270-க்குக் கீழே இறங்குகிறாரோ, அதுதான். 2024-இல் டிரம்புக்கு 312. விஸ்கான்சின் (10) 0.9 சதவீத வித்தியாசம், கழித்தால் 302. மிச்சிகன் (15) 1.4, கழித்தால் 287. பென்சில்வேனியா (19) 1.7, கழித்தால் 268. ஆகவே பென்சில்வேனியா. அரிசோனாவிலும் நெவாடாவிலும் யார் ஜெயித்திருந்தாலும் அதிபர் அவர்தான்.

இதே கணக்கை 2020-க்குப் போட்டால் பைடனின் 306-இலிருந்து ஜார்ஜியா (16), அரிசோனா (11), விஸ்கான்சின் (10) மூன்றும் போய் 269-இல் நிற்கும். வித்தியாசம் முறையே 11,779, 10,457, 20,682 வாக்குகள். நாடு முழுவதும் சுமார் 70 லட்சம் வாக்கு கூடுதலாக வாங்கியவரின் பதவி இந்த 42,918-இல் தொங்கியது. 2012 இன்னும் நல்ல பாடம். அப்போது எல்லோர் கண்ணும் புளோரிடா மீதும் ஒஹையோ மீதும் இருந்தது. கழித்துக்கொண்டே வந்தால் ஒபாமா 270-க்குக் கீழே இறங்குவது கொலராடோவில். அங்கே வித்தியாசம் 5.4 சதவீதம்!

இது தேர்தல் முடிந்தபின் போடும் கணக்கு. முன்கூட்டித் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்சிக்கு வேண்டியது ‘சாய்வு’: மாநில வித்தியாசத்திலிருந்து தேசிய வித்தியாசத்தைக் கழித்தால் வருவது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்த மாநிலம் நாட்டைவிட எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதை இது சொல்லும். 2020-இல் பைடன் நாடு தழுவிய அளவில் 4.5 புள்ளி முன்னிலை. ஜார்ஜியாவிலும் அரிசோனாவிலும் 0.3-க்குள்தான். ஆகவே இரண்டும் குடியரசுக் கட்சிப் பக்கம் நான்கு புள்ளிக்கு மேல் சாய்ந்தவை; அன்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். 2024-இல் டிரம்ப் நாடு முழுவதும் 1.5 புள்ளி முன்னிலை. ஜார்ஜியாவில் 2.2, அரிசோனாவில் 5.5. அரிசோனாவின் சாய்வு நான்கிலேயே நிற்க, ஜார்ஜியாவின் சாய்வு 0.7-க்கு வந்துவிட்டது. பெட்டிச் செய்தியில் இரண்டும் இன்னும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் கிடக்கின்றன.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. 2020-க்கும் 2024-க்கும் இடையே நாடு ஏறக்குறைய 6 புள்ளி வலப்பக்கம், அதாவது குடியரசுக் கட்சிப் பக்கம், நகர்ந்தது. விஸ்கான்சின் 1.5 புள்ளியும் வட கரோலினா 1.9 புள்ளியும் ஜார்ஜியா 2.4 புள்ளியும்தான் நகர்ந்தன. விளம்பரமும் வீடு வீடாகப் போன தொண்டர்களும் அங்கே சரிவைத் தடுத்திருக்கலாம். யாரும் எட்டிப் பார்க்காத நியூ ஜெர்சியில் ஜனநாயகக் கட்சியின் முன்னிலை 16 புள்ளியிலிருந்து 6-க்கு விழுந்தது. அப்படியானால் 2024-இன் சாய்வு முழுக்க அந்த மாநிலத்தின் இயல்பு அல்ல. அதில் செலவின் கறை இருக்கிறது. இதை மறந்து, விஸ்கான்சின் இனி நம் பக்கம் என்று ஜனநாயகக் கட்சி அங்கே பணத்தைக் குறைத்தால் மாட்டிக்கொள்ளும். செலவு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. நெவாடாவிலும் அரிசோனாவிலும் இரு கட்சிகளும் பணத்தைக் கொட்டின, அவையும் 5.5, 5.8 புள்ளி நகர்ந்தன. லத்தீன் அமெரிக்க வாக்காளர்களின் நகர்வை விளம்பரத்தால் நிறுத்த முடியவில்லை.

அடுத்தது 270-க்கான பாதைகள். 2024-இல் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் வாங்கியது 226. அதோடு பென்சில்வேனியா 19, மிச்சிகன் 15, விஸ்கான்சின் 10 சேர்த்தால் மிகச் சரியாக 270. டிரம்ப் பக்கம் அந்த ஏழு மாநிலங்களையும் எடுத்துவிட்டால் 219. பென்சில்வேனியாவோடு ஜார்ஜியா 16, வட கரோலினா 16 சேர்த்தால் அங்கேயும் மிகச் சரியாக 270. இரு கட்சிகளின் குறுக்குவழியும் பென்சில்வேனியா வழியாகத்தான் போனது. ஜனநாயகக் கட்சிக்கு விஸ்கான்சின் கைநழுவினால் அரிசோனாவின் 11 மட்டும் வந்தாலே ஈடாகிவிடும். நெவாடாவின் 6 ஈடுகட்டாது. பென்சில்வேனியா போனால் ஜார்ஜியா வந்தாலும் 267-தான்; இன்னொரு மாநிலமும் வேண்டும். நெவாடாவில் சுமார் 15 லட்சம் பேர் வாக்களித்து 6 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பென்சில்வேனியாவில் சுமார் 70 லட்சம் பேர் 19 பேரை. தனி வாக்கின் மதிப்பு நெவாடாவில்தான் அதிகம். ஆனாலும் அது எத்தனை பாதைகளில் கடைசிக் கல்லாக நிற்கிறது என்று எண்ணினால் பின்னுக்குப் போய்விடுகிறது.

ஹாரிஸுக்குச் சொன்ன அந்த 270-இல் நெப்ராஸ்காவின் ஒரு வாக்கும் அடங்கியிருந்தது. மற்ற 48 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கே அத்தனையும் போகும். மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் இரண்டு வாக்குகளை மாநில அளவிலும் மற்றவற்றை நாடாளுமன்றத் தொகுதி வாரியாகவும் கொடுக்கின்றன. நெப்ராஸ்காவின் இரண்டாவது தொகுதி, அதாவது ஓமஹா நகரும் சுற்றுப்புறமும், 2020-லும் 2024-லும் ஜனநாயகக் கட்சிக்குப் போனது. அது இல்லாவிட்டால் 269-269. அப்படிச் சமமானால் பிரதிநிதிகள் சபையில் மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற விதிப்படி 26 மாநிலங்கள் சேர்ந்து அதிபரைத் தேர்ந்தெடுக்கும். 2024 செப்டம்பரில் தென் கரோலினாவின் குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சே கிரஹாம் நெப்ராஸ்காவுக்கே போய், தொகுதி வாரியாகப் பிரிக்கும் விதியை மாற்றச் சொல்லிப் பேசினார். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மாநில செனட்டர் மைக் மெக்டொனெல் ஒத்துக்கொள்ளாததால் முயற்சி நின்றது. ஏழு மாநிலப் பட்டியலில் ஓமஹாவுக்கு இடமே இல்லை.

பிறகு பணம். தொலைக்காட்சி ஒளிபரப்புப் பகுதி மாநில எல்லையை மதிப்பதில்லை. பிலடெல்பியா நிலையத்தில் நேரம் வாங்கினால் தென் நியூ ஜெர்சிக்காரரும் டெலவேர்காரரும் பார்ப்பதற்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். விஸ்கான்சினின் மேற்கு ஓரத்து மாவட்டங்களைப் பிடிக்க மின்னசோட்டாவின் மினியாபொலிஸ் நிலையத்தில் வாங்க வேண்டும். பென்சில்வேனியாவின் ஈரி, விஸ்கான்சினின் கிரீன் பே போன்ற சின்னப் பகுதிகளில் இந்த விரயம் குறைவு, கட்டணமும் குறைவு. சட்டப்படி தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களில் வேட்பாளரின் பிரசாரக் குழுவுக்கு நிலையம் தன் மிகக் குறைந்த கட்டணத்தைத்தான் விதிக்க முடியும். வெளியிலிருந்து செலவழிக்கும் சூப்பர் பேக் குழுக்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியதுதான். ஆகவே இரண்டு தரப்பும் ஒரே தொகையைச் செலவழித்ததாகச் செய்தி வந்தால், திரையில் தெரிந்த விளம்பர எண்ணிக்கை சமம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எத்தனை வாக்கு வேண்டும் என்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. விஸ்கான்சினில் 2024 வித்தியாசம் 29,397. எதிராளியின் வாக்காளரை மனம் மாற்றினால் 14,699 பேர் போதும். அங்கே ஒன்று குறையும், இங்கே ஒன்று கூடும். வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களை அழைத்துவந்து ஈடுகட்ட வேண்டுமானால் 29,398 பேர் தேவை. ஆனால் மனம் மாற்றும் வேலைக்கு ஆளுக்கு ஆகும் செலவு அதிகம். அதோடு யாரிடம் போவது என்று தெரிய வேண்டும். பென்சில்வேனியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா வாக்காளர் பட்டியலில் பதிவு செய்தவரின் கட்சி இருக்கும். விஸ்கான்சினில் கட்சிப் பதிவே கிடையாது. மாதிரிக் கணக்கை வைத்து ஊகிக்கத்தான் வேண்டும். தவறிப்போனால் தொண்டர் தட்டுவது எதிராளியின் கதவை, அதுவும் அவருக்குத் தேர்தலை நினைவூட்டிவிட்டு வருவதற்காக.

நாட்காட்டியும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் நெவாடாவிலும் வாக்குப்பதிவு நாளன்றே பெயர் பதியலாம்; பென்சில்வேனியாவில் 15 நாட்களுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அக்டோபர் கடைசியில் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் கல்லூரி வளாகத்தில் பதிவு முகாம் போட்டால் பயனில்லை, விஸ்கான்சினின் மேடிசனில் போடலாம். பென்சில்வேனியா தபால் வாக்கை உள்ளுறையில் வைக்காமல் வெளியுறையில் மட்டும் போட்டு அனுப்பினால் எண்ண மாட்டார்கள். முன்கூட்டியே வாக்களித்தவர்களின் பெயர் தினமும் தெரியவரும் மாநிலங்களில் அவர்களை அழைப்புப் பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டே வர வேண்டும்; நீக்காவிட்டால் கடைசி வாரத்தின் பாதி அழைப்புகள் ஏற்கெனவே வாக்களித்தவர்களுக்கே போகும்.

கருத்துக்கணிப்பை நம்பி மாநிலம் மாற்றுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. 800 பேரிடம் கேட்ட கணிப்பில் ஒரு வேட்பாளரின் பங்கில் ±3.5 புள்ளி பிழை இருக்கும். இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பு. போதாததற்கு, பிழை பெரும்பாலும் ஒத்த மாநிலங்களில் ஒரே பக்கம் விழும். 2016-இல் பல மாநிலக் கணிப்புகள் கல்லூரி படித்தவர்களின் பங்கைச் சரிசெய்யவில்லை. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் ஒருசேரத் தப்பாகின. 2020 அக்டோபரில் ஒரு பெரிய கணிப்பு விஸ்கான்சினில் பைடனுக்கு 17 புள்ளி முன்னிலை என்றது, ஜெயித்தது 0.6-இல். அந்த மூன்று மாநிலங்களும் 1992 முதல் 2024 வரை ஒன்பது தேர்தல்களிலும் ஒரே கட்சிக்குத்தான் போயிருக்கின்றன. மூன்று பந்தயம் கட்டுவதாக நினைத்துக்கொண்டு ஒரே பந்தயத்தைத்தான் கட்டுகிறார்கள்.

ஹிலாரி கிளின்டன் விஸ்கான்சினுக்குப் போகாததால் தோற்றார் என்று இன்றும் எழுதுகிறார்கள். 2016 ஏப்ரலில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த முதல்கட்டத் தேர்தலுக்குப் பின் அவர் அங்கே போகவில்லை என்பது உண்மை. கடைசி வாரத்தில் அரிசோனாவில் கூட்டம் போட்டதும் உண்மை. அங்கே 3.5 புள்ளியில் தோற்றார். ஆனால் விஸ்கான்சினையும் (10) மிச்சிகனையும் (16) மீட்டிருந்தாலும் அவருக்கு 258-தான். பென்சில்வேனியா அவர் திரும்பத் திரும்பப் போன மாநிலம். அங்கேயும் 44,292 வாக்கில் தோற்றார். கால் வைத்ததா வைக்கவில்லையா என்பதைவிட, மூன்றும் சேர்ந்தே சரிகின்றன என்பதைக் காட்டும் எச்சரிக்கைமணி அவரது பிரசாரக் குழுவிடம் இல்லை என்பதுதான் கோளாறு. விலகுவதற்கும் கணக்கு வேண்டும். 2008 அக்டோபர் தொடக்கத்தில் மெக்கெய்ன் மிச்சிகனிலிருந்து வெளியேறினார். அந்த முடிவில் தப்பில்லை. கையிலிருந்ததைப் பென்சில்வேனியாவில் போட்டு அங்கே 10 புள்ளியில் தோற்றதுதான் விரயம்.

2028-தான் தேர்வாளர் வாக்குகளின் தற்போதைய ஒதுக்கீட்டில் நடக்கும் கடைசி அதிபர் தேர்தல். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பால் பென்சில்வேனியாவும் மிச்சிகனும் தலா ஒன்று இழந்தன, டெக்சஸ் இரண்டும் புளோரிடாவும் வட கரோலினாவும் தலா ஒன்றும் பெற்றன. பைடன் வென்ற அதே 306, புதிய ஒதுக்கீட்டில் 303 ஆனது. 2030 கணக்கெடுப்புக்குப் பின் வடக்கில் அந்த மூன்று மாநிலங்களை மட்டும் நம்பும் பாதை 2032-இல் 270-ஐத் தொடுமா என்பதை இப்போதே பார்க்கிறவர்கள் வட கரோலினாவிலும் ஜார்ஜியாவிலும் அலுவலகம் திறப்பார்கள். இவ்விரு மாநிலங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் வாசகர்களின் உறவினர்கள் பலர் அங்கே வாக்காளர்கள்.

2024-இல் கமலா ஹாரிஸின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்துக் கோயில் பூஜைக்கு நம் ஊடகங்கள் ஒதுக்கிய இடத்தில் பத்தில் ஒரு பங்கு பென்சில்வேனியாவின் ஈரி மாவட்டத்துக்குக் கிடைக்கவில்லை. 2016-இல் டிரம்ப், 2020-இல் பைடன், 2024-இல் மறுபடி டிரம்ப் என்று மூன்று முறையும் வென்றவர் பக்கம் நின்ற மாவட்டம் அது. அடுத்த முறை பெட்டி போடும்போது வண்ண வரைபடத்தை எடுத்துவிட்டு நான்கு கட்டம் போடுங்கள்: மாநிலத்தின் பெயர், தேர்வாளர் வாக்கு, கடந்த இரு தேர்தல்களின் வித்தியாசம், சாய்வு. எட்டாவது வரியாக ஓமஹாவையும் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்