தாது ரயில் மேல் மட்டும் ஏறாதே

பாப்பாவுக்கு,

மொராக்கோவிலிருந்து கார் எடுத்து, மொரிட்டானியாவைக் கடந்து செனகல் வரை போகப் போகிறோம் என்று நீ எழுதியதிலிருந்து உன் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "கப்பல் கதையாச் சொல்லிச் சொல்லி நீங்க வளர்த்த லட்சணம்" என்கிறாள். இருக்கட்டும், நான் அவளைச் சமாளித்துக்கொள்கிறேன். நீ தாராளமாகப் போய் வா.

ஆனால் நீ அனுப்பிய வீடியோவில் வருகிற பையன்களைப் போல, மொரிட்டானியாவின் இரும்புத்தாது ரயிலின் மேல் ராத்திரி முழுக்கப் படுத்துக்கொண்டு வருகிற வேலை மட்டும் வேண்டாம். அந்த ரயில் கொண்டுவந்து கொட்டுகிற தாதைத்தான் நவாதிபு துறைமுகத்தில் எங்கள் கப்பலில் ஏற்றுவார்கள். ஹோல்டுக்குள், அதாவது கப்பலின் சரக்கு அறைக்குள், எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு மேடு மட்டும் கிடக்கும், மீதியெல்லாம் காலி. அதற்குள் கப்பல் லோடு கோடு வரை, இதற்கு மேல் அமுங்கக் கூடாது என்று பக்கத்தில் போட்டிருக்கும் கோடு வரை, இறங்கியிருக்கும். அவ்வளவு கனம். தூசியோ மாவு. கதவிடுக்கில் ஈரத்துணி திணித்தாலும் கேபினுக்குள் வந்துவிடும். வேலை முடிந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். துறைமுகத்தில் நின்ற எனக்கே அப்படி. நீ அதன் மேலேயே படுத்து வருகிறேன் என்கிறாய்.

அந்த ரயில் 1963-இல் ஓட ஆரம்பித்தது. சுவெராத் சுரங்கத்திலிருந்து கடற்கரை வரை ஏறக்குறைய 700 கிலோமீட்டர். இருநூறு வேகனுக்கு மேல் கோத்து, இரண்டு கிலோமீட்டருக்கும் நீளமாக வரும். முன்னால் பிரேக் பிடித்தால் அந்த இடி வேகன் வேகனாகத் தாவி வந்து கடைசி ஆளைத் தூக்கிப்போடும். உள்ளூர்க்காரர்கள் ஆடு, மூட்டையோடு ஏறுகிறார்களே என்பாய். அவர்களுக்கு ஊர் போய்ச் சேர அதுதான் காசு செலவில்லாத வழி. உனக்குக் கார் இருக்கிறது.

ரயிலைப் பார்க்க ஆசை என்றால் தலைநகர் நவாக்சோட்டிலிருந்து தார்ச்சாலையில் அதார் போய், அங்கிருந்து சூம் போ. ஸ்டேஷன் பக்கம் நின்று ஆசை தீரப் பார்த்துக்கொள். அங்கே ஒரு பழைய சுரங்கப்பாதையும் உண்டு. அன்று ஸ்பெயின் கையில் இருந்த ஸ்பானிய சகாராவின் ஒரு சின்ன மூலைக்குள் தண்டவாளம் போய்விடக் கூடாது என்பதற்காகவே பிரெஞ்சுக்காரர்கள் சுமார் இரண்டு கிலோமீட்டருக்குப் பாறையைக் குடைந்தார்கள். மணலில் யாரோ ஸ்கேல் வைத்துக் கிழித்த கோட்டுக்காக!

அதாரிலிருந்து ஷிங்கெத்தி பக்கம்தான். பழைய கல் மசூதி, அப்புறம் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வீட்டிலேயே காத்துவரும் கையெழுத்துச் சுவடிகள். 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த ஊர். அங்கே இரண்டு ராத்திரி தங்கு. யாராவது டீக்குக் கூப்பிட்டால் மூன்று கிளாஸும் குடித்துவிட்டு எழுந்திரு. புதினா போட்ட பச்சைத் தேயிலை. கிளாஸ் மாற்றிக் கிளாஸ் ஊற்றி நுரை ஏற்றுவதற்கே நேரம் பிடிக்கும். நடுவில் கிளம்பினால் முகம் சுருங்கிவிடும்.

சரி, வேலைக்கான விஷயம். கெர்கெராத் எல்லையில் மொராக்கோ கேட்டுக்கும் மொரிட்டானியா கேட்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் யாருக்கும் சொந்தமில்லாத நிலம். பழைய கண்ணிவெடிகள் கிடக்கும். ஒண்ணுக்குப் போகக்கூடத் தடத்தை விட்டு இறங்காதே. வழியெங்கும் போலீஸ் செக்போஸ்ட். பாஸ்போர்ட், விசா விவரம் எழுதிய தாளை வாங்கிக்கொண்டுதான் விடுவார்கள். கட்டாக ஜெராக்ஸ் எடுத்து வை. பணம் உகியா; ஐந்து கூம் சேர்ந்தால் ஒரு உகியா. 2018-இல் ஒரு சைபரை வெட்டிவிட்டார்கள். ஆனாலும் கடைக்காரர் வாயில் பழைய கணக்கு வரும், எந்தக் கணக்கு என்று கேட்டுவிட்டே காசை நீட்டு. மது அங்கே தடை. உன் சிநேகிதர்களிடம் இப்போதே சொல்லிவிடு.

செனகலுக்குள் ரோஸோ படகுத்துறை வழியாகப் போகாதே. தரகர்கள் மொய்த்துக் காசைக் கறந்துவிடுவார்கள். எல்லை ஆற்றின் குறுக்கே இருக்கும் டியாமா அணை மேல் போ. மண் ரோடு என்பதால் மழைக்காலத்தில் சகதியாகிவிடும். நீ டிசம்பரில் போவதால் பிரச்சினை இல்லை. நவாக்சோட்டில் நம் தூதரகம் இருக்கிறது, நம்பரை ஒரு காகிதத்திலும் எழுதி வை. காரின் ஸ்டெப்னி ஒன்றா இரண்டா என்று எழுதவில்லையே. ஒன்றுதான் என்றால் எல்லைக்கு முன்னாலேயே வரும் டாக்லா ஊரிலேயே இன்னொன்று வாங்கிவிடு, பணம் நான் போடுகிறேன்.

அப்பா