பதினோரு நொடிக்கு ஒரு மினுக்கல்

சேலம்
31.7.2025

மாப்பிள்ளை,

நீ அனுப்பிய கரண்ட் பில் படத்தைப் பார்த்தேன். 950 யூனிட், 6,345 ரூபாய், கீழே ஒரு அழுகிற பொம்மை வேறு. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். பொறுமையாகப் படி, கணக்கு கொஞ்சம் வரும்.

முதலில் என் கதை. ஜூன் பத்தாம் தேதி ரீடிங் எடுத்துவிட்டுப் போனார்கள். 640 யூனிட், 3,258 ரூபாய். போன வருஷம் இதே கோடைக்கு எவ்வளவு என்று பழைய கார்டை எடுத்துப் பார்த்தால் 488 யூனிட், 1,653 ரூபாய். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வாசலில் நின்றபடியே அரசாங்கம், மின்வாரியம், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரையும் விடாமல் திட்டித் தீர்த்தேன். உன் தங்கச்சி உள்ளேயிருந்து, "திட்டி முடிச்சுட்டு அந்த வாசல் லைட்டை அணைச்சுட்டு வாங்க" என்றாள். பகல் பதினொரு மணி அப்போது.

அப்புறம் ஆத்திரம் அடங்கி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கரண்ட் விலையை எட்டு வருஷம் ஏற்றாமல் வைத்திருந்து 2022 செப்டம்பரில் ஒரேயடியாக ஏற்றினார்களே, அதோடு ஒவ்வொரு ஜூலையும் விலைவாசிக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்றும் ஆகிவிட்டது. 2023-ல் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது, 2024 ஜூலையில் 4.83 சதவீதம் நம் தலையில் விழுந்தது, இந்த ஜூலையில் 3.16 சதவீதம், ஆனால் வீடுகளுக்கு இல்லை. ஆக, போன கோடைக்கும் இந்தக் கோடைக்கும் நடுவில் நம் வீட்டுக்கு வந்தது அந்த ஒரே ஒரு உயர்வுதான். அதே 488 யூனிட்டை இப்போதைய விலையில் போட்டுப் பார்த்தேன், 1,729 வந்தது. ஏற்றியதால் எனக்கு ஆன கூடுதல் செலவு 76 ரூபாய். மிச்சம் ஆயிரத்து ஐநூற்றுச் சொச்சம் என் வீட்டுக்குள்ளேயேதான் எங்கேயோ போயிருக்கிறது. யாரைத் திட்டுவது, சொல்?

அந்த 500 யூனிட் சமாசாரம் உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது, நீ கடைசித் தொகையை மட்டும் பார்க்கிற ஆள். முதல் 100 இலவசம், அது 2016-லிருந்து எல்லோருக்கும். இரண்டு மாதத்துக்கு 500-க்குள் நின்றால் அடுத்த 100-க்கு யூனிட் 2.35 தான். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போய் அதற்கும் 4.70. சரியாக 500 என்றால் 1,805 ரூபாய். 501 என்றால் 2,048. ஒரே ஒரு யூனிட், 243 ரூபாய்! நம்ம கடையில் இரண்டு பேர் வயிறு முட்டத் தட்டுவடை செட் தின்றுவிட்டுப் பார்சலும் வாங்கி வரலாம். 600-க்கு மேல் 9.45, 800-க்கு மேல் 10.50, இப்படி ஏறிக்கொண்டே போகும்.

சரி, 152 யூனிட் எங்கே போனது? வீட்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. அதே ஒரு ஏசி, அதே நாலு ஃபேன், அதே ஃபிரிட்ஜ். மோட்டார் மேல்தான் முதல் சந்தேகம், தொட்டி நிரம்பி வழிகிறதா என்று இரண்டு நாள் மாடிப்படியில் ஏறி இறங்கியதில் முழங்கால் வலிதான் மிச்சம். அப்புறம் தெருவில் இருக்கிற எலக்ட்ரீசியன் பையன் ஒரு வழி சொன்னான். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மெயினை மட்டும் விட்டுவைத்து மீட்டரில் இருக்கிற சின்ன சிவப்பு விளக்கைப் பாருங்கள் என்றான். எங்கள் மீட்டரில் 3200 முறை மின்னினால் ஒரு யூனிட், அதன் முகத்திலேயே போட்டிருக்கிறது. எல்லாம் அணைந்திருந்தால் அது மின்னாமல் இருக்க வேண்டும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். வீடே இருட்டு. கொசு பிடுங்குகிறது. போகிற வருகிறவர்கள் "என்னங்க, உங்க வீட்ல மட்டும் கரண்ட் இல்லையா" என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். விளக்கு ஒரு முறை மின்னியது. வாட்சைப் பார்த்தேன், பதினோரு நொடி கழித்து இன்னொரு முறை. மறுபடி பதினோரு நொடி. இருபது முறை எண்ணினேன், மாறவே இல்லை. பேப்பரில் போட்டால் நூறு வாட் பல்பு ஒன்று ராப்பகலாக எரிகிற கணக்கு. நாளைக்கு 2.4 யூனிட், அறுபது நாளைக்கு 144.

யார் தெரியுமா அந்தத் திருடன்? மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இன்வெர்ட்டர்.

2012 ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போதே சென்னை போய்விட்டாய், உங்களுக்கு அந்தக் கஷ்டம் குறைச்சல். இங்கே நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கரண்ட் போய்விடும். அம்மாபேட்டையில் தறிச் சத்தமே இல்லாத பகல்களை அப்போதுதான் கேட்டேன். தறிக்காரர்கள் ராத்திரி கரண்ட் வருகிற நேரத்துக்குக் காத்திருந்து ஓட்டுவார்கள், நாங்கள் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவோம். நம் மாவட்டத்து மேட்டூரிலேயே அணையிலும் அனல் நிலையத்திலும் கரண்ட் எடுக்கிறார்கள், நாம் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறோம் என்று என் மாமனார் தினமும் ஒரு பாட்டம் புலம்புவார். அந்த வருஷம் எங்கள் மகள் பாப்பா பன்னிரண்டாம் வகுப்பு. அவள் படிப்புக்காகக் கடன் வாங்கி வாங்கிய இன்வெர்ட்டர்டா அது. பேட்டரி மட்டும் இரண்டு முறை மாற்றியாயிற்று. இப்போது மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துவதோடு சரி, அதன் தேவையே இல்லை. ஆனால் பேட்டரி கெட்டுப்போய், எவ்வளவு ஏற்றினாலும் நிற்காமல், ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த வருஷம் டிஸ்டில்ட் வாட்டர் அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. பிளக்கைப் பிடுங்கினேன், வாசலுக்கு வந்து பார்த்தேன், சிவப்பு விளக்கு மின்னவில்லை. இன்வெர்ட்டரைக் கழற்றிப் பழைய பேட்டரிக்காரரிடம் கொடுக்கும்போது உன் தங்கச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பாப்பா அந்த வெளிச்சத்தில் படித்தாள் இல்லையா.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டில் கடைசி 150 யூனிட் ஒவ்வொன்றும் 10.50. இன்வெர்ட்டர் போனபின் 500-க்குள் நிற்கிற என் வீட்டில் கடைசி யூனிட் 6.30. அதே ஏசி, அதே ஒரு மணி நேரம், உனக்கு மட்டும் விலை கூட. அதனால் எனக்குக் கட்டுபடியாகாதது உனக்குக் கட்டுபடியாகும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இப்போது வருகிற பிஎல்டிசி என்கிற வகை ஃபேன் 30 வாட்டுக்குள். நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஒரு ஃபேனில் 40 யூனிட். உன் விலைக்கு 420 ரூபாய்! மூவாயிரம் ரூபாய் ஃபேன் ஏழெட்டு பில்லில் காசைத் திருப்பிவிடும். ஹாலிலும் படுக்கையறையிலும் மாற்று, விருந்தாளி அறைக்கு வேண்டாம், அங்கே யார் வருகிறார்கள். ஏசியை 18-ல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்கிற பழக்கத்தை உன் மகனிடம் எப்படி விடச்சொல்வது என்று மட்டும் எனக்குத் தெரியாது, என் மருமகனிடமே சொல்ல முடியவில்லை.

சோலார் பற்றிக் கேட்டிருந்தாய். மூன்று கிலோவாட் போட்டால் மத்திய அரசு 78,000 மானியம் தருகிறது, ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் வாக்கில் கிடைக்கும். தனி வீடென்றால் உனக்குத் தாராளமாகப் போடச் சொல்வேன். நீ இருப்பதோ அடுக்குமாடி, மொட்டை மாடி நாற்பது வீட்டுக்கும் பொது, சங்கத்தில் தண்ணீர் லாரிக்கே ஒத்துப்போக மாட்டேன் என்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். எனக்கு மாடி இருக்கிறது, ஆனால் மாதம் 900 ரூபாய்க்குள் கட்டுகிறவன் அவ்வளவு பணத்தை அதில் போட்டு எத்தனை வருஷம் காத்திருப்பது? தவிர, அது வடாம் காயப்போடுகிற மாடி. அதில் கை வைத்தால் வீட்டில் சோறு கிடைக்காது.

நம்மோடு படித்த ஏற்காட்டுக்காரனைப் போன மாதம் போய்ப் பார்த்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனதும் அங்கே காற்றே ஏசி, ஃபேனைக்கூடப் போடவில்லை, எனக்குப் பொறாமை. அவன் சிரிக்கிறான். வீட்டில் ஆறு பேர், வருஷம் பூராவும் வெந்நீர், 2000 வாட் ஹீட்டர் அரை மணி நேரம் எரிந்தாலே ஒரு யூனிட். மாடியில் வைத்த சோலார் ஹீட்டர் பனிமூட்டத்தில் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறதாம். அதனால் அப்பா காலத்து செம்பு பாய்லரைத் துலக்கி எடுத்து, சில்வர் ஓக் கழித்த கிளைகளைப் போட்டு எரிக்கிறான். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே எனக்கு ஒரு வாளி வெந்நீர் கொடுத்தான். காப்பித் தோட்டம் வைத்திருந்தும் ஊற்றியது இன்ஸ்டன்ட் காபி, அதை நான் மறக்க மாட்டேன்.

இங்கே கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா. ஆடிப் பதினெட்டுக்குப் பாப்பா, மருமகன், இரண்டு வாண்டுகள் எல்லோரும் வருகிறார்கள், ஒரு வாரம் இருப்பார்கள். ஜூன் ரீடிங்கிலிருந்து இன்று காலை வரை 419 யூனிட். மிச்சம் 81, இன்னும் பத்து நாள். எட்டு யூனிட் வீதம் போனால் தப்பிக்கலாம் என்று நேற்று சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். உன் தங்கச்சி தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "பேரன் வேர்த்துக்கிட்டுத் தூங்கினா நான் அந்த மீட்டரையே பிடுங்கிப் போட்டுருவேன்" என்றாள். பார்க்கலாம். காலையில் பல் துலக்கியபடியே மீட்டரைப் பார்ப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

நீயும் ஒரு ராத்திரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உட்கார்ந்து பார். எத்தனை நொடிக்கு ஒரு முறை மின்னுகிறது என்று எழுது. மீட்டர் தரைத்தளத்தில் நாற்பது வீட்டு மீட்டரோடு வரிசையாக இருக்கும், உன்னுடையது எது என்று வாட்ச்மேனைக் கேட்டுக்கொள், அடுத்த வீட்டு மீட்டரை எண்ணிவிட்டு வந்து என்னைத் திட்டாதே.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி