வரப்பு போட்டவனுக்கு நிலம் நிலைக்க வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழில் வந்த நிலவளப் பாதுகாப்புக் கட்டுரையில், உழவர்களிடம் விழிப்புணர்வு இல்லாததே நிலம் சீர்கெட முதன்மைக் காரணம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும் என்று கட்டுரையாளர் எங்களுக்குக் கற்பித்ததற்கு நன்றி. அது கரைந்தோடுவதை மழைதோறும் வயலில் நின்று பார்ப்பவர்கள் நாங்கள்தாம்.

நான் குத்தகைக்கு உழுபவன். சரிவான நிலமொன்றில் சமமட்டம் பார்த்து வரப்பு போட்டு, மிகுநீர் வடியும் வாய்க்குக் கல் பதித்து, வரப்பு கரையாதிருக்கப் புல்லும் நட்டேன். நீர் அறுத்த பள்ளங்களில் வண்டல் தங்கி விளைச்சல் கூடியதும் நிலத்துக்காரர் குத்தகையை உயர்த்தினார். என்னால் கட்ட முடியாமல் நிலம் கைமாறியது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததால், போட்ட உழைப்புக்கு ஈடு கேட்கவும் வழியில்லை. அடுத்து எடுத்த நிலத்தில் நான் வரப்பில் கைவைக்கவில்லை. இதற்குப் பெயர் விழிப்புணர்வுக் குறைவா என்பதைக் கட்டுரையாளரே சொல்லட்டும்.

நைஜர் நாட்டில் நடந்தது தாங்கள் அறியாததல்ல. வயலில் முளைக்கும் மரமும் அரசுடைமை என்ற சட்டம் இருந்தவரை, அந்நாட்டு உழவர்கள் துளிர்களைக் களைந்தெறிந்தார்கள். 1980களுக்குப் பின் அந்தப் பிடி தளர்ந்து, மரம் தமக்கே என்ற நம்பிக்கை பிறந்ததும், அடிக்கட்டையில் தழைத்தவற்றைக் காத்தே ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களை மீட்டார்கள்.

ஐ.நா.வின் பாலைவனமாதல் தடுப்பு உடன்படிக்கை 1994-லேயே உள்ளூர் மக்களின் பங்கேற்பை வலியுறுத்தியது. நிலத்தின் மீதான உரிமைகளை மதிக்கும்படி உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டு நெறிகள் 2012-இல் எடுத்துரைத்தன. ஆனால் திட்டங்கள் எங்களை வந்தடையும்போது, பட்டியலில் பெயர் சேர நில ஆவணம் கேட்கிறார்கள்; அது எங்களிடம் இருந்தால் நாங்கள் ஏன் குத்தகைக்கு உழப் போகிறோம்? தடுப்பணை கட்டப் பணம் உண்டு, அதில் சேரும் மண்ணை வாரப் பணமில்லை. நட்ட கன்றுகளை நட்ட அன்றைக்கே எண்ணி அறிக்கையை முடித்துவிடுகிறார்கள், தண்ணீர் ஊற்றுவது யாரென்று கேட்பாரில்லை. இவை பற்றியெல்லாம் கட்டுரையில் ஒரு சொல் கிடையாது, அறியாமை மட்டும் எங்களுடையதாகிவிட்டது.

தங்களிடம் மறுப்போ வருத்தமோ கேட்கவில்லை. இப்பொருள் பற்றி அடுத்து எழுதுபவரை, குத்தகை உழவர் ஒருவரிடமாவது பேசிவிட்டு எழுதும்படி சொன்னால் போதும்.

இப்படிக்கு,
குத்தகை உழவர் ஒருவர்