கிரிட் வேறு, கால்சியம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புறாவுக்கும் லவ் பேர்ட்ஸ் எனப்படும் பட்ஜி கிளிகளுக்கும் ஒரே கிரிட் (பறவைகள் விழுங்கும் சிறு கல் துகள்) பாக்கெட்டைக் கொடுத்தனுப்பும் வழக்கம் பறவைக் கடைகளில் இன்னும் போகவில்லை. புறா கம்பையும் சோளத்தையும் முழுசாக விழுங்கும். அதை அரைக்க அரைவைப்பையில் கரையாத கல் வேண்டும், 2–3 மி.மீ. கருங்கல் துகள் பொருத்தம். லவ் பேர்ட்ஸும் காக்டெயில் கிளியும் தினையின் உமியை அலகாலேயே உரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் தின்பவை. அவற்றுக்குக் கல் தேவையே இல்லை. உடம்பு சரியில்லாத பறவை கல்லையும் மணலையும் அளவில்லாமல் கொத்தித் தின்னக்கூடும். அது அடைத்துக்கொண்டால் இரை இறங்காது. கூண்டுத் தட்டில் ஆற்று மணல் பரப்பினாலும் இதே ஆபத்துதான். படித்து முடித்த உங்கள் நாளிதழை விரிக்கலாம், எச்சத்தின் நிறம் மாறினாலும் உடனே தெரியும்.

கால்சியம் மட்டும் எல்லாப் பறவைக்கும் வேண்டும். தினையிலும் சூரியகாந்தி விதையிலும் அது மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். இதற்குக் கடல் நுரை எனப்படும் கணவாய் ஓடு போதும். நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்காமல் முழு ஓடாகக் கேளுங்கள். கடற்கரையில் பொறுக்கியதென்றால் தினமும் தண்ணீர் மாற்றி 3 நாள் ஊறவைத்து உப்பை எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். மிருதுவான பக்கம் பறவையைப் பார்க்கும்படி கம்பியில் கட்டவும். கோழி முட்டை ஓடும் நல்லதுதான், ஆனால் பச்சையாக வேண்டாம், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 10 நிமிடம் கொதிக்கவைத்து, உலர்த்திப் பொடித்து, ஒரு சிட்டிகையை ஈரத் தீனியில் தூவுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கூண்டில் தடவுகிறார்களே, அது வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும் காரம். பாலக்கீரையை நம்ப வேண்டாம். அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தைச் சேரவிடாது. முருங்கைக்கீரை எவ்வளவோ மேல்.

மனிதர்களுக்கான கால்சியம் சிரப்பைத் தண்ணீர்க் கிண்ணத்தில் சொட்டு விடுவதும் தவறு. அதில் பெரும்பாலும், கால்சியத்தை உடம்பில் சேரவைக்கும் வைட்டமின் டி3 சேர்ந்திருக்கும். லவ் பேர்ட்ஸின் எடை சுமார் 35 கிராம். 60 கிலோ ஆளுக்கு அது ஏறக்குறைய 1,700-ல் ஒரு பங்கு. கணவாய் ஓட்டைப் பறவை வேண்டிய அளவு கொத்திவிட்டு நிறுத்திக்கொள்ளும், தண்ணீரைக் குடிக்காமல் இருக்க முடியாது. டி3 மிஞ்சினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். காலை வெயிலில் அரை மணி நேரம், பாதிக் கூண்டு நிழலில் இருக்கும்படி வைத்தால் டி3 தானாகக் கிடைக்கும். மூடிய கண்ணாடி ஜன்னல் வழி வரும் வெயிலால் பயனில்லை, தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

கால்சியம் குறைந்தால் முட்டையைத் தள்ளும் தசைக்கு வலு போய்விடும். பெட்டை இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டுத் தரையில் உட்கார்ந்து, வாலை ஆட்டி முக்கினால் முட்டை சிக்கியிருக்கலாம். வயிற்றை அமுக்கக் கூடாது. உள்ளே உடைந்தால் பிழைப்பது அரிது. 30 டிகிரி அளவு கதகதப்பில் வைத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்